அரக்குக்கு அடியில் ஒரு மாங்கட்டை

கோடு விழுந்த மரத்தில் பழைய சாமான் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எடுத்து வந்திருக்கிறேன். இந்தத் துணிப்பைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை பையைத் திறக்க மாட்டேன். திறந்துவிட்டால் நீங்கள் சாமானைத்தான் பார்ப்பீர்கள், நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள். கடைசல்காரனுக்கு உள்ள வியாதி அது. எனக்கும் உண்டு.

உங்கள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். மாங்கட்டையை ஈர மரத்தூளுக்குள் புதைத்து, சாக்குப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, நோயாளியைக் கவனிப்பது போலக் கவனிக்கிறீர்கள். மரம் பாதி மக்க வேண்டும், உள்ளே கறுப்புக் கோடுகள் ஓட வேண்டும், முழுதும் மக்குவதற்குள் எடுத்துக் கடைந்துவிட வேண்டும். அப்புறம் மெழுகு போட்டு, பெட்டியில் வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள். அழகுதான். இல்லையென்று சொல்ல நான் குருடன் இல்லை. ஆனால் பெட்டியின் மேல் ‘இயற்கை வரைந்த ஓவியம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் வந்தேன். கேட்டுவிட்டுப் பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய்த் தாராவியில் ஒரு கடைசல் பட்டறையில் எனக்கு வேலை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொப்புச் சாமான் கடைந்து பழகிய கைகள்தான் அங்கே பெரும்பாலும். முதலாளியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். உளி பிடித்து மேலே வந்தவர், நாங்கள் சாப்பிடும்போது அவரும் உட்கார்ந்து சாப்பிடுவார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அப்படிச் சொல்ல முடியவில்லை.

சண்டைக்கு முன்பு கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை என்று கடைந்துகொண்டிருந்தோம். சண்டை வந்ததும் தேக்கு எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது கூடாரத்துக்கு அடிக்கும் முளை கடைகிற வேலை. மட்ட மரம், ஒரே அச்சு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முளை. கனவிலும் முளைதான் வரும். ஆனால் அந்த வேலைதான் பட்டறையில் இருந்த எல்லோர் வீட்டு அடுப்பையும் எரித்தது. ஆர்டர் வந்தது ஒரு சர்க்கார் ஆபீஸிலிருந்து. அங்கே ஹெட் கிளார்க்காக இருந்தவர் மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். அவர் கண்ணசைத்தால் ஆர்டர் எங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்த பட்டறைக்கு. அவரை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

இனி மைதீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றோம். கட்டையை உளிப்பிடியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பான். நல்ல கட்டை ‘டங்’கென்று பேசும், சொத்தைக் கட்டை ‘பொத்’தென்று பேசும் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அவன் தட்டிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டையை, ஆர்டர் அவசரம் என்று மறுபடி எடுத்து மாட்டி நான் பார்த்ததில்லை.

பட்டறைக்குப் பின்னால் சேற்றில் ஒரு மாங்கட்டை கிடந்தது. செம்பூரில் ஏதோ தோட்டத்தில் காற்றில் விழுந்த மரம். விறகுக்கு ஆகும் என்று முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். மழைக்காலம் முழுதும் நனைந்து, தலைப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நாங்கள் அதன் மேல் உட்கார்ந்து டீ குடிப்போம். ஒரு நாள் மைதீன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்த கட்டையையே விரலால் தட்ட ஆரம்பித்தான். தட்டிக்கொண்டே தலைப்பிலிருந்து கால்மாடு வரை நகர்ந்தான். அப்புறம் ரம்பத்தை எடுத்து வந்து குறுக்கே அறுத்தான்.

“இங்க வந்து பாரும்வே,” என்று கத்தினான். “யாரு வரைஞ்சது இத?”

வெளிறிய மரத்தில், கண் மையைத் தொட்டு ஈர்க்குச்சியால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள். ஒன்று வளைந்து போய் இன்னொன்றைத் தொடாமல் திரும்பியது. நடுநடுவே பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுகள். பூஞ்சைக்குப் பூஞ்சை எல்லை போட்டுக்கொள்ளும் வேலிதான் அந்தக் கோடு என்று பிற்காலத்தில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. செத்த மரம் இப்படி இருக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அதில் ஒரு பக்கம் இன்னும் கெட்டியாக இருந்தது. அந்தத் துண்டை மட்டும் எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிண்ணம் கடைந்தான். கோடு கிண்ணத்தின் வெளியே ஓடி, விளிம்பில் ஏறி, உள்ளே இறங்கியது. நான் அதற்கு முன்னும் அப்படி ஒரு சாமான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. உங்கள் பெட்டிகளில் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைந்த சாமானை வெறும் மரமாக வெளியே அனுப்ப மாட்டோம். லேத் சுற்றும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவோம். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும், தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்புத்தான் அதிகம். வெறும் மரத்தை விற்பது குழந்தையைக் குளிப்பாட்டாமல் விசேஷ வீட்டுக்குத் தூக்கிப் போவது மாதிரி எங்களுக்கு. ஆகவே முதலாளி கிண்ணத்தைப் பார்த்ததும் கேட்டார்:

“ஏல மைதீன், இதென்ன மொட்டையா நிக்கி? செவப்பு போடலியா?”

“போட்டா கோடு மறஞ்சிரும் மொதலாளி.”

“மறையட்டும்ல. சொத்தைய எவனாவது வெளிய காட்டுவானா?”

“காட்டணும் மொதலாளி. பாத்தாத்தான இது உளுத்த கட்டைன்னு தெரியும்? எதுக்கு ஆவும், எதுக்கு ஆவாதுன்னு பாத்துக்கிடலாம். மூடிட்டம்னா பொறவு நமக்கே தெரியாது.”

முதலாளி சிரித்தார். கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு போய், மேஜை மேல் வைத்து, வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டார். மைதீனுக்கு அதில் சந்தோஷம்தான். மீதிக் கட்டை மறுபடியும் டீ குடிக்கிற இடமாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் சாமியின் மகள் தலைப்பிரசவத்துக்கு மாட்டுங்காவுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. “தொட்டிலு நம்ம பட்டறைச் சீரு சாமி, வேண்டாம்னு சொல்லப்படாது,” என்று முதலாளி வலியப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முளை ஆர்டரைப் புதுப்பிக்கிற கெடு நெருங்கிக்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு மூலையிலும் கால் வைத்து, கால் தலைப்பில் பித்தளை வளையம் திருகி, சங்கிலியில் தொங்கவிடும் தொட்டில். தேக்குக்கு எங்கே போவது? சோர் பஜாரில் ஒரு பழைய கட்டிலை வாங்கி, அதன் கால்களை மைதீன் மறுபடி கடைந்தான். மூன்று கால் அருமையாக வந்தது. நான்காவது காலுக்குள் எவனோ எந்தக் காலத்திலோ அடித்த ஆணி இருந்திருக்கிறது. உளி அதில் மோதிக் கால் இரண்டாகப் பிளந்துவிட்டது. அது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் தொட்டில் போட நாள் பார்த்திருந்தார்கள்.

மைதீன் ஜும்மாவுக்குப் போனான். வளையமும் சங்கிலியும் வாங்க முதலாளி என்னை மஸ்ஜித் பந்தர் கடைத்தெருவுக்கு அனுப்பினார். தேக்குத் துண்டு எங்கேயாவது கிடைக்குமா என்று நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது மைதீனும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே சூடான அரக்கு வாசனை. சுவரோரம் நான்கு சிவப்புக் கால்கள் வரிசையாக நின்றன. நான்கும் அக்காள் தங்கை மாதிரி இருந்தன.

மைதீன் நேரே முதலாளியின் லேத்துக்குப் போனான். கீழே கிடந்த சீவலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினான். வெளிறிய சீவலில் கறுப்புக் கோடு. அப்புறம் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டினான். டங், டங், டங், பொத்.

“மொதலாளி, இது அந்த மாங்கட்டை.”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“வளையம் புடிக்காது. மாவுல திருகாணி சொருவுன மாரி நிக்கும்.”

“ஒன் கிண்ணம் கல்லு மாரி இருக்கு. அதே கட்டைதானல?”

“கிண்ணம் சும்மா மேசைல இருக்கப் போவுது. இதுல புள்ளைல்லா தொங்கப் போவுது.”

பட்டறையில் எல்லா லேத்தும் நின்றுவிட்டது. முதலாளிக்கு முகம் கறுத்தது. ஆனால் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்:

“நாளைக்குக் காலைல தொட்டிலு போவலன்னா முளை ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போயிரும். இங்க நிக்கவன் அம்புட்டு பேரு வீட்டுலயும் சோறு கெடையாது. நீ வந்து போடுவியால?”

நான் குறுக்கே புகுந்தேன். “மொதலாளி, ஒரு நாள் தவணை கேப்போம். நானே போய்ச் சாமிகிட்டச் சொல்லுதேன்.”

“நாள் பாத்து வச்ச வீட்டுல போயித் தவணை கேக்கப் போறியா? நல்லா இருக்கு ஒன் புத்தி.” அவரே உட்கார்ந்து வளையத்தைத் திருகினார். இழுத்துப் பார்த்தார். நின்றது. “பாத்தியா?” என்றார். அவர் அதை நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நம்பியே ஆக வேண்டிய இடத்தில் மனிதன் நின்றால் எதையும் நம்பிவிடுவான். கோடு கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அவராலும் நம்பியிருக்க முடியாது. சிவப்பு மூடிவிட்டது.

தொட்டில் போனது, சடங்கு நடந்தது, எங்களுக்கு லட்டு வந்தது. ஆர்டரும் புதுப்பிக்கப்பட்டது. மைதீன் அந்த லட்டை வாயில் வைக்கவில்லை.

சில நாள்தான். ஒரு மத்தியானம் தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது வளையம் கால் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. குழந்தை தரையில் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, பின்னால் கூடியும்விட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் முகங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் சாமி உடைந்த காலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்து மேஜை மேல் போட்டார். பிளந்த இடத்தில் சிவப்புத் தோலுக்கு உள்ளே அந்தக் கோடுகள் எல்லாம் தெரிந்தன.

“என்ன ஓய் இது? உள்ளே பூரா மக்கிக் கெடக்கு. கொழந்தை எலும்பு ஒடிஞ்சுபோயிடுத்து. என் பொண்ணு நான்தான் கொழந்தையைக் கீழே போட்டுட்டேன்னு அழுதுண்டே இருக்கா. இதுதான் நீர் செய்யற சீரா?”

முதலாளி காலைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். அப்புறம் திரும்பிக் கூப்பிட்டார்.

“ஏல மைதீன், இங்க வா. உளுத்த கட்டைய பட்டறைக்குள்ள கொண்டாராதன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்? இவந்தான் சாமி. சொத்தைக் கட்டை மேல இவனுக்கு ஒரு கிறுக்கு. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

அதில் பாதி உண்மை. மைதீனுக்கு அந்தக் கட்டை மேல் கிறுக்குத்தான், அது எல்லோருக்கும் தெரியும். பாதி உண்மை கலந்ததால்தான் அந்தப் பொய் காலூன்றி நின்றது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாரே, சாமி யாரையும் கேட்கவில்லை. மைதீன், “புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு சாமி?” என்று மட்டும் கேட்டான்.

நான்தான் சொன்னேன். “சாமி, அந்தக் காலை மைதீன் கடையல. மொதலாளியே கடைஞ்சாரு. மைதீன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்.”

சாமி என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு அவர் கண் சுவரோரம் சாக்கில் கட்டி அடுக்கியிருந்த முளைகளுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் சொன்னதை அவர் நம்பினார், அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நம்பினால் முதலாளியோடு சண்டைக்குப் போக வேண்டும். சண்டை வந்தால் இந்தத் தொட்டில் எந்தக் கணக்கில் அவர் வீட்டுக்கு வந்தது என்று நாலு பேர் கேட்பார்கள். மைதீன் குற்றவாளியாக இருப்பதுதான் இரண்டு பேருக்கும் வசதி.

“யார் கடைஞ்சா, யார் வேண்டாம்னான்னெல்லாம் நேக்குத் தெரிய வேண்டாம்,” என்றார். “செஞ்சவனை அனுப்பிச்சுடும். ஊரைக் கூட்டிண்டு பேசிண்டிருக்கப்படாது.”

மைதீன் தன் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு அன்றைக்கே போனான். வேறு பட்டறை கிடைக்கும் என்று நினைத்தோம். ‘புள்ளையைக் கீழே போட்டவன்’ என்ற பேர் அவனுக்கு முன்னாலேயே போய் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ரே ரோடு மரக்கிடங்கில் கட்டை தூக்கப் போனான். தட்டிப் பார்த்து மரத்தின் உள்ளே இருப்பதைச் சொல்கிற கை அது. அங்கே அவனுக்கு வேலை, லாரியிலிருந்து இறக்குவது மட்டும்தான்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கே போனேன். வீட்டில் வைத்துக் கேட்டால் சாமிக்கு இரக்கம் வரும் என்று ஒரு நப்பாசை. சாமி ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் நடுத்தட்டில் மைதீனின் கிண்ணம் இருந்தது. உள்ளே குழந்தையின் வெள்ளிக் கிலுகிலுப்பை.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் சொன்னார்: “நன்னா இருக்கோன்னோ? உங்க மொதலாளி குடுத்தனுப்பிச்சார், மனசு கஷ்டப்பட வேண்டாம்னு. வர்றவா எல்லாரும் எந்த ஊர்ச் சாமான்னு கேக்கறா. அந்தக் கோட்டைப் பாருங்கோ, பகவானே போட்டாப்பலே இருக்கு.”

“அம்மா, தொட்டில்ல ஒடஞ்ச காலும் இதே கட்டைதான். இந்தக் கிண்ணத்தைக் கடைஞ்சவனத்தான் வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அந்தக் கால் வேண்டாம்னு சொன்னவனும் அவன்தான்.”

பேப்பருக்குப் பின்னாலிருந்து சாமி, “அதெல்லாம் ஆத்துல வந்து பேசப்படாது,” என்றார். பேப்பர் கீழே இறங்கவில்லை.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். எழுந்து, கிலுகிலுப்பையை வெளியே எடுத்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “நீங்க எடுத்துண்டு போயிடுங்கோ. ஆத்துல வச்சுக்கப் பயமா இருக்கு,” என்றார். வாசல் வரை வந்து, “அவன் பேரென்ன?” என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். மைதீனுக்கு அந்த வீட்டில் கிடைத்தது அவ்வளவுதான்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. அவன் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். வழக்கம் போல விரலால் தட்டிக் காதைச் சாய்த்தான். அப்புறம் என்னிடமே நீட்டினான்.

“இதுக்குச் செவப்பு போட்டுரும்வே.”

“என்னவே சொல்லுதீரு? நீருதான போடக்கூடாதுன்னு நின்னீரு?”

“நின்னேன். இப்பம் அந்தக் கோட்டைப் பாத்தா எனக்குப் புள்ள விழுந்ததுதாம்வே தெரியுது. நான் இத அறுத்துக் காட்டாம இருந்திருந்தா மொதலாளியும் அதை வெறகாப் போட்டிருப்பாரு. உள்ளயும் வெளியயும் போட்டுரும். நீரே வச்சுக்கிடும்.”

மறுநாள் நான் கிண்ணத்தை லேத்தில் மாட்டினேன். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அரக்குக் குச்சியை அழுத்தினேன். கோடு ஒவ்வொன்றாக உள்ளே போனது. தாழை மடல் போட்டுத் தேய்த்தேன், நன்றாக மின்னியது. பட்டறையில் எல்லோரும் அழகாக வந்திருக்கிறது என்றார்கள். அந்த மாதமே கணக்கு முடித்துக்கொண்டு, பரேலில் ஒரு துணி மில்லில் நூல் சுற்றும் பாபின் கடைகிற பகுதிக்குப் போய்விட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான். மைதீன் பாண்டுப் என்ற இடத்துக்குக் குடிபோனான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. கோடு விழுந்த மரத்தில் கிண்ணம் கடையுங்கள், பூச்சாடி கடையுங்கள். மனிதன் உட்காருவதற்கோ பிடிப்பதற்கோ தொங்குவதற்கோ அதில் ஒரு துண்டும் வைக்காதீர்கள். ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும் அதற்கு மேல் வர்ணம் ஏற்றாதீர்கள். வேண்டாம் என்று ஒருவன் சொன்னால், சொல்லும்போதே லேத்தை நிறுத்திக் கேளுங்கள். உடைந்த பிறகு அவனைக் காப்பாற்ற யாராலும் முடியாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சரி, பையைத் திறக்கிறேன். இதுதான். சிவப்பாகத்தான் இருக்கும், ஏமாந்து போகாதீர்கள். உளியை எடுக்க வேண்டாம் தம்பி, சுரண்டிப் பார்க்க நான் விட மாட்டேன். கையில் வாங்கித் தட்டிக் கேளுங்கள். இவ்வளவு வருஷம் கழித்தும் நன்றாகத்தான் பேசுகிறது.